வீட்டுக்கு ஒத்துவரும் பூனைக்குட்டி: குணம் பார்த்து எடுப்பது எப்படி

வீட்டுக்குள்ளேயே வளரும் பூனை 15 வருடம் வரை இருப்பது சாதாரணம். அத்தனை வருடத்துக்கான முடிவைப் பலர் ஒரு போட்டோவைப் பார்த்தே எடுத்துவிடுகிறார்கள். நிறம் பிடித்திருக்கிறது, கண் அழகாக இருக்கிறது, அவ்வளவுதான். இரண்டு மாதம் கழித்துப் பார்த்தால் குட்டி பீரோ மேலிருந்து இறங்குவதில்லை. இறக்கப்போன பிள்ளையின் கை முழுக்கப் பிறாண்டல். கடைசியில் அது தெருவுக்குத் திரும்புகிறது, அங்கே பிழைக்கவும் அதற்குத் தெரியாது. எடுப்பதற்கு முன் ஒரு மணி நேரம் தரையில் உட்கார்ந்து பார்த்திருந்தால் இதில் பெரும்பகுதி நடந்திருக்காது.

குட்டியின் சுபாவத்தை மூன்று விஷயங்கள் தீர்மானிக்கின்றன. முதலாவது, பிறந்து 2-வது வாரத்திலிருந்து 7-வது வாரம் வரை மனிதக் கை அதன்மேல் எவ்வளவு பட்டது என்பது. அந்த வாரங்களில் தினமும் இரண்டு மூன்று பேர் தூக்கிக் கொஞ்சிய குட்டி, மனிதர்களைக் கண்டால் ஒதுங்காது. இரண்டாவது, தகப்பன் பூனை. இந்தக் கடுவன் தன் குட்டிகளை வளர்ப்பதே இல்லை, கண்ணால்கூடப் பார்த்திருக்காது. ஆனாலும் அதன் தைரியம் ரத்தத்தில் வந்துவிடுகிறது. தைரியமான கடுவனுக்குப் பிறந்த குட்டிகள் புதிய ஆளையும் புதிய பொருளையும் சீக்கிரம் நெருங்குகின்றன என்று 1995-ல் வெளியான சாண்ட்ரா மெக்யூனின் ஆய்வு காட்டியது. மூன்றாவது, தாய். ஆளைக் கண்டதும் தாய் சீறிக்கொண்டு ஓடினால் குட்டிகளும் அதையே கற்றுக்கொள்ளும். அதனால் குட்டி பார்க்கப் போகும் இடத்தில் தாயையும் பார்க்கக் கேளுங்கள். முடிந்தால் அந்தத் தெருவில் சுற்றும் கடுவன் எப்படிப்பட்டது என்றும் விசாரியுங்கள். நாட்டுப் பூனைக்கு அப்பன் யார் என்று உறுதியாகச் சொல்ல முடியாது, ஒரே ஈற்றில் இரண்டு கடுவன்களின் குட்டிகள்கூட இருக்கலாம். இருந்தாலும் கேட்பதில் நஷ்டமில்லை.

நிறத்துக்கும் குணத்துக்கும் முடிச்சுப் போட வேண்டாம். மஞ்சள் பூனை சாது, மூவண்ணப் பூனை கோபக்காரி என்பதெல்லாம் நம்பித் தேர்ந்தெடுக்கும் அளவுக்கு உறுதியான விஷயமில்லை. மஞ்சளில் ஐந்தில் நான்கு ஆண், மூவண்ணம் ஏறக்குறைய எல்லாமே பெண் என்பது மட்டும் உண்மை. ஆணா பெண்ணா என்பதும், 5, 6 மாதத்தில் கருத்தடை செய்துவிட்டால், பெரிய விஷயமாக இருக்காது. செய்யாமல் விட்டால் கடுவன் சுவரெல்லாம் சிறுநீர் பீய்ச்சும், பெட்டை இரவெல்லாம் கத்தும்.

எத்தனை வாரக் குட்டி

8 வாரம் நிறையாமல் எடுக்காதீர்கள். 10 முதல் 12 வாரம் இன்னும் நல்லது. "45 நாள் ஆச்சு, தாராளமா எடுத்துட்டுப் போகலாம்" என்று விற்பவர்கள் சொல்வது வழக்கம். 45 நாள் என்றால் ஆறரை வாரம்தான். குட்டி சாப்பிடப் பழகியிருக்கலாம், ஆனால் கடிக்கும் அளவு இன்னும் தெரிந்திருக்காது. கூடப் பிறந்தது கத்தினால் பிடியைத் தளர்த்த வேண்டும், தாய் அறைந்தால் நிறுத்த வேண்டும் என்பதெல்லாம் அதற்குப் பிறகான வாரங்களில்தான் பதிகிறது. தனியாகப் பால்புட்டியில் வளர்ந்த ஒற்றைக் குட்டி பாசமாக இருக்கும். ஆனால் விளையாட்டில் பல்லை அழுத்திப் பதிக்கும், தூக்கிக்கொண்டு போகாவிட்டால் முரண்டு பிடிக்கும். அப்படிப்பட்ட குட்டியை எடுத்தால் ஒத்த வயதில் இன்னொன்றையும் சேர்த்து எடுப்பதுதான் வழி.

சொல்லும் வயதை அப்படியே நம்பாமல் வாயைத் திறந்து பாருங்கள். 8 வாரத்தில் பால்பற்கள் 26-ம், கடைவாய்ப் பற்கள் உட்பட, முளைத்திருக்க வேண்டும். கண் இன்னும் சாம்பல் நீலமாகவே இருந்தால் பெரும்பாலும் 6 வாரம்கூட ஆகியிருக்காது (வெள்ளைப் பூனையும் சயாமீஸ் வகையும் விதிவிலக்கு). எடை 800 கிராமிலிருந்து 1 கிலோவுக்குள் இருக்கும். தெருவில் அரை வயிற்றோடு வளர்ந்தது 600, 700 கிராம்தான் தேறும். சமையலறைத் தராசு போதும்.

பார்க்கப் போகும்போது

காலை ஏழு, எட்டு மணி அல்லது மாலை ஐந்துக்கு மேல் போங்கள். நண்பகலில் எல்லாக் குட்டியும் தூங்கிவழியும், எல்லாமே சாதுவாகத் தெரியும். ஒரு மீட்டர் நூலின் நுனியில் கசக்கிய காகிதம் கட்டியது, ஒரு சாவிக்கொத்து, நீளமுடிக் குட்டி என்றால் ஒரு சீப்பு ஆகியவற்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஆறு பேராகப் போகாதீர்கள்; இரண்டு பேர் போதும்.

முதல் பத்து, பதினைந்து நிமிடம் எதையும் தொடாமல், தரையில் சற்றுத் திரும்பி உட்கார்ந்து, குட்டிகள் தங்களுக்குள் எப்படி விளையாடுகின்றன என்று மட்டும் பாருங்கள். எது எல்லோர் மேலும் பாய்கிறது, எது அடிவாங்கிவிட்டு உடனே திரும்பி வருகிறது, எது கட்டிலுக்கடியில் இருந்தே வேடிக்கை பார்க்கிறது என்பது புரியும். பிறகு ஒவ்வொன்றையும் தனியாகப் பாருங்கள். கூட்டத்தில் துறுதுறுவென்று இருப்பது தனியே விட்டதும் மிரண்டுபோவது உண்டு.

குட்டியிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி, ஒரு விரலை அதன் மூக்கு உயரத்தில் நீட்டி, கண்ணை உற்றுப் பார்க்காமல் காத்திருங்கள். ஒரு நிமிடத்துக்குள் வந்து மோந்துபார்ப்பது தைரியசாலி. நான்கைந்து நிமிடம் யோசித்து வருவது நடுத்தரம், பெரும்பாலான வீடுகளுக்கு இதுவே சரி. கால் மணி நேரமாகியும் வராததற்குப் பொறுமையுள்ள, சத்தமில்லாத வீடு வேண்டும். முதலில் ஓடிவருவதே நல்ல குட்டி என்றும் நினைக்காதீர்கள், அது பசியாகவும் இருக்கலாம். கடைசியாக எப்போது சாப்பிட்டது என்று கேட்டுவிடுங்கள்.

அடுத்து தூக்கிப் பாருங்கள். ஒரு கை நெஞ்சுக்கு அடியில், மற்றது பின்னங்கால்களுக்கு அடியில் கொடுத்து, உங்கள் மார்போடு சேர்த்து 30 விநாடி வையுங்கள். முதலில் நெளிந்து பிறகு உடம்பைத் தளர்த்தினால் நல்லது. முதலிலிருந்து கடைசிவரை விறைப்பாகவே இருந்து, நகத்தை உள்ளே இழுக்காமல் துணியைப் பற்றிக்கொண்டால் தூக்குவது அதற்குப் பழக்கமில்லை. சீறிக் கடித்தால் மனிதக் கையே அதிகம் படவில்லை என்று அர்த்தம். மடியில் இருக்கும்போதே பாதத்தை லேசாக அழுத்தி நகம் வெளியே வரச்செய்யுங்கள், காதைத் தொடுங்கள், உதட்டைத் தூக்கிப் பாருங்கள். நாளை நகம் வெட்டவும் மருந்து கொடுக்கவும் இவ்வளவுதான் தேவை. பெர்ஷியன் என்றால் முதுகிலும் வயிற்றோரமும் சீப்பை நாலு இழுப்பு இழுத்துப் பாருங்கள். தினமும் சீவாவிட்டால் அக்குளிலும் தொடையிலும் முடி சிக்குப்பிடித்துத் தோல் புண்ணாகும். சீப்பைக் கண்டதும் கடிக்கும் குட்டியோடு அதைத் தினமும் செய்வது பெரும்பாடு. மூக்கு ஒரேயடியாகத் தட்டையாக, மூச்சில் சத்தம் வரும் குட்டி நம் ஊர் வெயிலில் மிகவும் திணறும். அதை வாங்க வேண்டாம் என்பதே எங்கள் அழுத்தமான கருத்து.

எல்லாவற்றையும்விட அதிகம் சொல்வது சாவிக்கொத்து. குட்டி நூலில் கட்டிய காகிதத்தோடு விளையாடிக்கொண்டிருக்கையில் இரண்டு மீட்டர் தள்ளி, அதன் கண்ணில் படாமல் சாவியைத் தரையில் போடுங்கள். எந்தக் குட்டியும் திடுக்கிடும். காது பின்னால் மடியும், உடம்பு தரையோடு ஒட்டும், சில சமயம் வால் புசுபுசுவென்று எழும். அதில் தப்பே இல்லை. அதற்குப் பிறகு என்ன செய்கிறது என்பதுதான் விஷயம். காதைச் சத்தம் வந்த பக்கம் திருப்பி, கழுத்தை நீட்டிப் பார்த்து, அரை நிமிடத்துக்குள் காகிதத்துக்குத் திரும்பினாலோ, சாவியையே மோந்துபார்க்கப் போனாலோ, அந்தக் குட்டி குக்கர் விசில், மிக்ஸி, தீபாவளி, விருந்தாளி எல்லாவற்றையும் தாங்கிக்கொள்ளும். ஐந்து நிமிடத்துக்கு மேல் ஒளிந்தே கிடந்தால் பிள்ளைகள் ஓடும் வீட்டுக்கு அது வேண்டாம். சத்தமே கேட்காததுபோல் இருந்தால் பின்னாலிருந்து கைதட்டிப் பாருங்கள். இரண்டு கண்ணும் நீலமான வெள்ளைக் குட்டிகளில் செவிடு அதிகம். அவற்றைத் தாராளமாக வளர்க்கலாம், ஆனால் தெருவுக்கு விடக் கூடாது.

முடிந்தால் வேறொரு நாள், வேறொரு நேரத்தில் திரும்பப் போய் இதையே செய்யுங்கள். இரண்டு நாளும் ஒரே மாதிரி நடந்துகொண்டால் நம்பலாம்.

அமைதியா, நோயா

"ரொம்ப சாது, மடியிலேயே படுத்திருக்கும்" என்று சொல்லப்படும் எட்டு வாரக் குட்டியைச் சந்தேகத்தோடு பாருங்கள். அந்த வயதில் ஆரோக்கியமான குட்டி தூங்கும், இல்லாவிட்டால் குதிக்கும். பிடரித் தோலை லேசாக இழுத்து விட்டால் உடனே படிய வேண்டும். மெதுவாக இறங்கினால் உடம்பில் நீர் வற்றியிருக்கிறது. கண்ணின் உள்மூலையிலிருந்து வெள்ளைச் சவ்வு ஏறி நிற்பது, மூக்கொழுகல், ஆசனவாயைச் சுற்றி அழுக்கு, காதுக்குள் காப்பித்தூள் போன்ற கறுப்பு (காதுப் பூச்சி), வட்டமாக முடி கொட்டிய இடம் (படர்தாமரை, நமக்கும் தொற்றும்) ஆகியவற்றைக் கவனியுங்கள். உடம்பு மெலிந்து வயிறு மட்டும் உப்பியிருந்தால் குடற்புழு. புழுவும் காதுப் பூச்சியும் சுலபமாகத் தீரும், அதற்காகக் குட்டியை ஒதுக்க வேண்டாம். ஆனால் அந்த ஈற்றிலேயே ஒரு குட்டி வாந்தி பேதியில் செத்திருந்தால் எதையும் எடுக்காதீர்கள். வாந்தி பேதியை உண்டாக்கும் பான்லூக்கோபீனியா வைரஸ், தடுப்பூசி போடாத குட்டிகளைச் சில நாட்களில் கொன்றுவிடும், வீட்டுக்குள் ஒரு வருடம் வரைகூட உயிரோடு இருக்கும்.

தொண்டையிலிருந்து குர்ர் குர்ர் என்ற சத்தம் கேட்டதும் குட்டி நிம்மதியாக இருக்கிறது என்று முடிவுகட்டவும் வேண்டாம். வலியிலும் பயத்திலும்கூடப் பூனை அப்படிச் சத்தமிடும்.

எந்த வீட்டுக்கு எது

ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளை இருந்தால் தைரியமான, தூக்கினால் தளரும் குட்டியாகப் பாருங்கள். வயது 3 மாதத்துக்கு மேல், முடிந்தால் 4, 5 மாதம் இருக்கட்டும். 700 கிராம் குட்டியைச் சின்னப் பிள்ளை கீழே போட்டால் எலும்பு முறிந்துவிடும்.

நாய் இருக்கும் வீட்டுக்கு மிரண்டு ஓடும் குட்டி ஆகாது. ஓடுவதைத் துரத்துவது நாயின் இயல்பு. முதுகை வளைத்துச் சீறினாலும் இடத்தைவிட்டு நகராத குட்டிதான் பிழைக்கும். நாய் பழகிய வீட்டில் பிறந்தது கிடைத்தால் வேறெதையும் தேடாதீர்கள்.

ஏற்கெனவே வயதான பூனை இருந்தால், கூட்டத்தில் எல்லோர் மேலும் பாய்ந்த அந்தக் குட்டியை விட்டுவிடுங்கள். பழைய பூனைக்கு அது தினமும் தொல்லை. நடுத்தரச் சுறுசுறுப்புள்ளது போதும். இரண்டையும் குறைந்தது 10 முதல் 14 நாள் தனி அறையில் பிரித்துவைத்து, ஒன்று படுத்த துணியை மற்றதன் அறையில் போட்டு வாசனை பழக்கிய பிறகே நேரில் விடுங்கள்.

காலை ஒன்பதுக்கு வீட்டைப் பூட்டி இரவு ஏழுக்குத் திரும்புகிறவர்கள் ஒரே ஈற்றில் இரண்டு குட்டி எடுங்கள். செலவு கூடும், உண்மைதான். ஆனால் ஒற்றைக் குட்டி பகல் முழுக்கச் சேர்த்துவைத்த ஆட்டத்தை இரவு ஒரு மணிக்கு உங்கள் கால்விரலில் ஆடும்.

தனியாக இருக்கும் பெரியவர்களுக்குக் குட்டியைப் பரிசாகக் கொடுக்காதீர்கள். காலுக்குள் புகுந்து தடுக்கிவிடும், வயதான தோலில் கீறல் ஆற நாளாகும். அவர்களுக்கு இரண்டு வயதுக்கு மேற்பட்ட, கருத்தடை செய்த பூனை எடுத்துக்கொடுங்கள். குணம் அதற்குள் நிலைபெற்றிருக்கும், ஊகிக்க எதுவும் இல்லை.

காருக்கடியில் கத்திக்கொண்டிருக்கும் குட்டியைக் கண்டால் முதலில் சில மணி நேரம் தள்ளி நின்று பாருங்கள். தாய் இரை தேடப் போயிருக்கலாம். தாய் வரவில்லை என்று உறுதியானால் எடுங்கள். 8 வாரத்துக்குக் குறைந்தது எவ்வளவு சீறினாலும் தினமும் கையில் ஊட்டினால் இரண்டு மூன்று வாரத்தில் பழகும். 4 மாதம் கடந்த மிரட்சிப் பூனைக்கு மாதக்கணக்காகும், சில கடைசிவரை மடிக்கு வராது. அதைப் பிடித்து வீட்டுக்குள் அடைப்பதைவிடக் கருத்தடை செய்து, தடுப்பூசி போட்டு, அதே தெருவில் விட்டுச் சோறு வைப்பது அதற்குச் செய்யும் பெரிய நன்மை.

வீட்டுக்கு வந்த பிறகு

சோதனையில் தைரியமாக இருந்த குட்டியும் புது வீட்டில் இரண்டு மூன்று நாள் ஒளியும். ஹாலில் திறந்துவிடாமல் ஒரு சின்ன அறையில் தண்ணீர், சாப்பாடு, ஒளிய ஒரு அட்டைப்பெட்டி, எதிர்மூலையில் மலஜலம் கழிக்க மணல் தட்டு (லிட்டர் தட்டு) என்று வையுங்கள். பழைய இடத்தில் படுத்திருந்த துணியைத் துவைக்காமல் வாங்கிவாருங்கள். ஒரு வாரம் பழைய சாப்பாடே கொடுத்துப் படிப்படியாக மாற்றுங்கள். பசும்பால் வேண்டாம், பல குட்டிகளுக்குப் பேதியாகும். காய்ச்சலுக்கு நம் பாராசிட்டமாலையோ, உண்ணிக்கு நாயின் பெர்மெத்ரின் மருந்தையோ கொடுத்துவிடாதீர்கள், இரண்டும் பூனைக்கு விஷம். கையை ஆட்டி விளையாட்டுக் காட்டாமல் எப்போதும் நூலையோ பொம்மையையோ காட்டுங்கள்.

இரண்டு மூன்று நாளுக்குள் கால்நடை மருத்துவரிடம் காட்டிப் புழு மருந்தும் தடுப்பூசித் தேதியும் கேட்டுக்கொள்ளுங்கள். முதல் ஊசி 6 முதல் 8 வாரத்தில் தொடங்கி, 16 வாரம் ஆகும்வரை 3, 4 வார இடைவெளியில் தொடரும். வெறிநாய்க்கடித் தடுப்பூசி 12 வாரத்தில்.

எடுக்கும்போதே, ஒத்துவராவிட்டால் திரும்ப வாங்கிக்கொள்வார்களா என்று கொடுப்பவரிடம் கேட்டுவிடுங்கள். நல்ல இடம் என்றால் தயங்காமல் ஒப்புக்கொள்வார்கள். இரண்டு வாரத்தில் குட்டி பகலில் வெளியே வந்து சாப்பிட வேண்டும், ஒரு மாதத்தில் வீட்டில் ஒருவரிடமாவது தானாக வர வேண்டும். அப்படி வரவில்லை என்றால் முதலில் மருத்துவரிடம் காட்டி நோய் இல்லை என்று உறுதிசெய்யுங்கள். நோய் இல்லாமலும் ஒளிந்தே இருந்தால், குட்டிக்கு 4 மாதம் ஆவதற்குள் கொடுத்தவரிடம் பேசி அமைதியான வேறு வீடு பாருங்கள். அந்த வயதில் இடம் மாறுவது அதற்குச் சுலபம், எடுத்துக்கொள்ளவும் ஆள் கிடைப்பார்கள்.