நாகர்கோவிலிலிருந்து விமானப் பயணம்: தூரத்தையும் நேரத்தையும் கணக்கிடும் முறை

குமரி மாவட்டத்தில் விமான நிலையம் இல்லாததால், இங்குள்ளவர்கள் திருவனந்தபுரத்துக்கோ, வாகைக்குளத்திலுள்ள தூத்துக்குடி விமான நிலையத்துக்கோ செல்ல வேண்டியிருக்கிறது. எங்கிருந்து புறப்பட்டாலும், புறப்படும் நிலையத்துக்கும் சேரும் நிலையத்துக்கும் இடையிலான வான்வழித் தூரத்தை முதலில் அறிந்துகொள்ள வேண்டும். கணினியில் கூகுள் மேப்ஸைத் திறந்து, புறப்படும் நிலையத்தின்மீது மவுஸின் வலப் பொத்தானை அழுத்தி, தூரம் அளக்கும் வசதியைத் தேர்ந்தெடுத்து, சேரும் நிலையத்தைத் தொட்டால் அது கிடைத்துவிடும். சில தளங்கள் தூரத்தைக் கடல் மைலில் தரும், அதை 1.852 ஆல் பெருக்கினால் கிலோமீட்டர் ஆகும்.

அடுத்து நேரம். ஜெட் விமானமானால் தூரத்தை 800 ஆல் வகுத்து, ஏறவும் இறங்கவும் அரை மணி நேரம் கூட்டிக்கொள்ள வேண்டும். திருவனந்தபுரம்–சென்னை ஏறத்தாழ 615 கி.மீ.; ஆகவே ஒன்றேகால் மணி நேரம் வரும். கால அட்டவணை இதைவிடச் சற்றுக் கூடுதலாகக் காட்டுவதற்குக் காரணம், விமானம் நிறுத்துமிடத்தை விட்டு நகர்வதிலிருந்து மறுமுனையில் நிற்கும்வரை அதில் கணக்கு வைப்பதுதான். தூத்துக்குடி–சென்னை சுமார் 530 கி.மீ. மட்டுமே என்றாலும், அங்கு இறக்கைவிசிறி சுழலும் ஏ.டி.ஆர். விமானத்தில் செல்வதானால் 500 ஆல் வகுக்க வேண்டும். அதோடு அந்த அரை மணி நேரத்தையும் கூட்டினால் ஒன்றரை மணி நேரத்தைத் தாண்டிவிடும். தூரம் குறைந்தால் நேரமும் குறையும் என்று எண்ணி டிக்கெட் எடுப்பவர்கள் விமானத்தின் வகையையும் பார்ப்பது நல்லது.

வளைகுடாப் பயணத்தில் குழப்பம் வருவது கடிகாரத்தால். திருவனந்தபுரம்–துபாய் ஏறத்தாழ 2,950 கி.மீ.; பறக்கும் நேரம் நான்கு மணி நேரத்தை ஒட்டி அமையும். ஆனால் டிக்கெட்டில் அந்தந்த ஊர் நேரமே அச்சாகும். துபாய் நேரம் நம்முடையதைவிட ஒன்றரை மணி நேரம் பின்தங்கியது என்பதால், காலை 10 மணிக்குப் புறப்பட்டு 12.30க்குச் சேரும் விமானம் இரண்டரை மணி நேரத்தில் போய்விடுவதுபோல் தோன்றும். உண்மையில் அது நான்கு மணி நேரப் பயணம். திரும்பும்போது இந்தக் கணக்கைத் தலைகீழாகப் போட வேண்டும். குளிர்காலத்தில் உயரத்தில் மேற்கிலிருந்து வீசும் பலத்த காற்று, ஊர் திரும்பும் விமானத்தைச் சற்று விரைவாகவே கொண்டுவந்து சேர்க்கும்.

இவற்றோடு சாலைப் பயணத்தையும் கூட்டினால்தான் கணக்கு முழுமையாகும். நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் நிலையத்துக்கு எழுபது கி.மீ. அளவுதான் என்றாலும், மார்த்தாண்டம், களியக்காவிளை, நெய்யாற்றின்கரை, பாலராமபுரம் என நெரிசலைக் கடந்து செல்வதால் இரண்டு முதல் இரண்டரை மணி நேரம் ஒதுக்க வேண்டும். பன்னாட்டு விமானத்துக்கு மூன்று மணி நேரம் முன்னதாகச் சேருவதென்றால், நான்கு மணி நேரப் பயணத்துக்காக வீட்டிலிருந்து ஐந்து மணி நேரத்துக்கும் முன்பே கிளம்ப வேண்டிவரும். உள்நாட்டு முனையமும் பன்னாட்டு முனையமும் ஓடுபாதையின் இரு பக்கங்களில் இருப்பதால், ஓட்டுநரிடம் எந்த முனையம் என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். சென்னைக்கு வந்தே பாரத் ரயில் ஏறத்தாழ ஒன்பது மணி நேரத்தில் செல்கிறது. விமானத்தில் வீடு முதல் மீனம்பாக்கம் வரை ஆறு மணி நேரமாவது ஆகும் என்பதால், மிச்சமாகும் மூன்று மணி நேரத்துக்கு அந்தக் கட்டணம் தகுமா என்பதை அவரவர் முடிவு செய்துகொள்ளலாம்.

ஐப்பசியிலும் பங்குனியிலும் பயணம் செய்பவர்கள் திருவனந்தபுரம் பத்மநாபசுவாமி கோயிலின் ஆராட்டு (சுவாமியைக் கடலில் நீராட்டும் விழா) நாளையும் பார்த்துக்கொள்ள வேண்டும். சங்குமுகம் கடற்கரைக்குச் செல்லும் ஊர்வலம் ஓடுபாதையைக் கடந்தே போவதால், அன்று மாலையில் சில மணி நேரம் விமானங்கள் இயங்குவதில்லை. அன்றைய விமானங்களின் நேரமும் அதற்கேற்ப மாற்றப்படும்.