பிரிட்டிஷ் தேசியக் கட்சியை என்னவென்று எழுதுவது?

வெளிநாட்டுச் செய்திப் பிரிவுக்குப் பயிற்சிக்கு வரும் இளைஞர்களின் பிரதிகளைத் திருத்தும்போது, நான் முன்பு எழுதிய வரிகளே என் மேசைக்குத் திரும்பி வந்துவிட்டனவோ என்று தோன்றுகிறது. பெயர், ஆண்டு போன்றவற்றில் வரும் பிழைகளை மெய்ப்புப் பார்ப்பவர் பிடித்துவிடுவார். அடைமொழியில் வரும் பிழை அப்படியே அச்சேறிவிடும். குடியேற்றத்தை எதிர்க்கும் பிரிட்டிஷ் தேசியக் கட்சியைப் பற்றி எழுதும்போது நேரும் அப்படிப்பட்ட பிழைகள் இவை.

பொருளாதாரத்தைப் பார்த்து ‘இடதுசாரி’ என்பது

2009 ஜூனில் நடந்த ஐரோப்பிய நாடாளுமன்றத் தேர்தலில் அக்கட்சி பிரிட்டனில் சுமார் 6 சதவீத வாக்குகளைப் பெற்று இரண்டு இடங்களை வென்றது. முடிவு வந்த இரவில் நான் ஒரு பெட்டிச் செய்தி எழுதினேன். உலகமயமாக்கலை எதிர்க்கிறது, உள்நாட்டுத் தொழிலுக்குப் பாதுகாப்புக் கேட்கிறது, எனவே ‘பொருளாதாரத்தில் இடதுசாரி, குடியேற்றத்தில் வலதுசாரி’ என்று முடித்திருந்தேன். புத்திசாலித்தனமான வரி என்ற நினைப்பு வேறு. மூத்த ஆசிரியர் அதன் கீழே சிவப்பு மையில் ஒரே சொல்லை எழுதித் திருப்பி அனுப்பினார்: ‘யாருக்கு?’

அந்தக் கேள்வியை நான் அன்று கேட்டிருக்க வேண்டும். அதே கட்சியின் விதிமுறைகள் வெள்ளை இனத்தவரை மட்டுமே உறுப்பினராக்கின. சமத்துவ, மனித உரிமை ஆணையம் நீதிமன்றம் சென்ற பிறகே, 2010 பிப்ரவரியில், கட்சியினர் வாக்களித்து அந்த விதியை மாற்றினார்கள். மாற்றிய விதிகளும் மறைமுகமாகப் பாகுபாடு காட்டுகின்றன என்று அடுத்த மாதமே நீதிமன்றம் கூறியது. தொழிலாளிக்கு வேலையும் வீடும் கேட்கும் ஒரு கட்சி, அந்தத் தொழிலாளி யார் என்பதைப் பிறப்பால் தீர்மானிக்குமானால், அதன் பொருளாதாரத் திட்டத்தை மட்டும் தனியே உருவி எடுத்து இடப்பக்கம் வைப்பது, பந்தியில் யாரை உட்காரவிடவில்லை என்பதைச் சொல்லாமல் சமையலைப் புகழ்வதாகிவிடும்.

இது புதிய சங்கதியும் அல்ல. தொழிற்கட்சி அரசில் அமைச்சராக இருந்த ஆஸ்வால்டு மோஸ்லி, தம் வேலையின்மை ஒழிப்புத் திட்டம் நிராகரிக்கப்பட்டதால் 1930இல் பதவி விலகி, 1932இல் பிரிட்டிஷ் பாசிஸ்டுகள் ஒன்றியத்தைத் தொடங்கினார். அரசின் தலையீடும் இறக்குமதித் தடையும் அங்கேயும் இருந்தன. போன மாதம் ஒரு பயிற்சியாளர் என் பழைய வரியைக் கிட்டத்தட்ட அதே சொற்களில் எழுதிக் கொடுத்தபோது எனக்கு வந்த எரிச்சலில் பாதி என்மீதே.

‘பாசிசக் கட்சி’ என்று ஒற்றை வரியில் முடிப்பது

1982இல் கட்சியைத் தொடங்கிய ஜான் டின்டல், 1960களின் தொடக்கத்தில் தேசிய சோசலிச இயக்கம் என்ற நாஜி ஆதரவு அமைப்பில் செயல்பட்டவர். அவருடைய மரபு எதுவென்று சொல்லத் தயங்க வேண்டியதில்லை. 1999இல் அவரிடமிருந்து தலைமையைக் கைப்பற்றிய நிக் கிரிஃபின் பேச்சையும் தோற்றத்தையும் மாற்றினார். கொள்கையின் உள்ளடக்கம் மாறியதா, மேற்பூச்சு மட்டும்தானா என்பதில்தான் ஆய்வாளர்கள் பிரிகிறார்கள். இனவெறுப்பைத் தூண்டியதற்காக 1998இல் தண்டிக்கப்பட்டவர் அவர் என்பதால் நான் இரண்டாவது பக்கம் சாய்கிறேன். ஆனால் செய்தியில் ‘தீவிர வலதுசாரிக் கட்சி’ என்று எழுதி, ‘பாசிசம்’ என்பது எவருடைய மதிப்பீடு, எந்தக் காலத்தைப் பற்றியது என்று அடுத்த வாக்கியத்தில் சொல்வதே என் வழக்கம்.

வாக்காளருக்கும் அதே முத்திரை குத்துவது

லண்டனின் பார்க்கிங்–டாகன்ஹாம் உள்ளாட்சி மன்றத்தில் 2006இல் அக்கட்சிக்கு 12 கவுன்சிலர்கள். 2010இல் ஒருவரும் இல்லை. ஊரே நான்கு ஆண்டுகளில் சித்தாந்தம் மாறிவிட்டதென்று யாராவது எழுதுவோமா?

ஒரே பெயரில் இரண்டு கட்சிகள்

இதே பெயரில் 1960இல் தொடங்கி, 1967இல் தேசிய முன்னணி என்ற பிரிட்டனின் மற்றொரு தீவிர வலதுசாரிக் கட்சியில் கரைந்தது வேறு கட்சி. 1982இல் தொடங்கியதோடு அதைக் குழப்பக் கூடாது.

‘பூர்வகுடி பிரிட்டிஷார்’

இது கட்சி தனக்குச் சாதகமாகப் பயன்படுத்திய சொல். தமிழில் பூர்வகுடி என்றதும் நிலம் பறிக்கப்பட்ட மக்கள்தான் நினைவுக்கு வருவார்கள். மேற்கோள் குறி இல்லாமல் இந்தச் சொல் வந்தால் பிரதியை நான் திருப்பி அனுப்பிவிடுவேன்.