பனிப்பாதை ரோந்துச் செலவை அரசிடம் திரும்பக் கேட்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

எங்கள் அலுவலகத்துக்கு வரும் ஸ்னோமொபைல் (பனியில் ஓடும் மோட்டார் வண்டி) ரோந்துத் தாள்களில் பாதிக்கு மேல் பென்சிலில் எழுதியவை. மைனஸ் இருபது டிகிரி குளிரில் பால்பாயின்ட் பேனாவின் மை இறுகிவிடும். எவ்வளவு கிறுக்கினாலும் எழுதாது. அதனால் ரோந்து போகும் டெப்புட்டிகள், அதாவது ஷெரிஃபின் கீழ் வேலை செய்யும் காவலர்கள், சட்டைப்பையில் ஒரு கட்டைப் பென்சில் வைத்திருப்பார்கள். உறைந்த ஏரிக்கரையில் வண்டியை நிறுத்தி, கையுறையைக் கழற்றி, நாலு வரி எழுதிவிட்டு மறுபடி மாட்டிக்கொள்வார்கள். அந்த நாலு வரிதான் ஆறேழு மாதம் கழித்துப் பணமாகத் திரும்பி வருகிறது. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், வடக்கே ஒரு சின்னக் கவுண்டியின் (மாவட்டம் மாதிரி) கணக்குப் பிரிவில் இருக்கிறேன். பணம் கை நழுவிப் போன ஒவ்வொரு முறையும் காரணத்தைத் தேடிப் போனால், செலவைத் திரும்பக் கேட்கும் கிளெய்ம் படிவத்தில் இருக்காது. அந்த நாலு வரியில்தான் இருக்கும்.

இந்த ஏற்பாடு பழக்கமில்லாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். விஸ்கான்சினில் ஸ்னோமொபைல் பாதைகள் மட்டும் 25,000 மைலுக்கு மேல். 1924-இல் கார்ல் எலியசன் தன் மோட்டார் பனிச்சறுக்கு வண்டியை உருவாக்கிய செய்னர் கிராமம் இங்கேதான் இருக்கிறது. ஈகிள் ரிவரில் 1960-களிலிருந்து பந்தயம் நடக்கிறது. குளிர்காலத்தில் சனி, ஞாயிறு வந்தால் தெற்கிலிருந்து வண்டிகள் டிரெய்லர் டிரெய்லராக வந்து இறங்கும். இரவில் மணிக்கு 55 மைலுக்கு மேல் போகக் கூடாது. நடந்து போகிறவர்கள், பனியில் குடில் போட்டு மீன் பிடிக்கிறவர்கள் இவர்களுக்கு 100 அடிக்குள் வந்தால் 10 மைல்தான். குடித்துவிட்டு ஓட்டக் கூடாது. இதையெல்லாம் பார்த்துக்கொள்ள மாநிலத்தின் இயற்கை வளத் துறைக்குத் தன் வார்டன்கள் உண்டு. ஆனால் அவர்கள் மட்டும் போதாது. கவுண்டி ஷெரிஃப் ஆட்களும் ரோந்து போகிறார்கள். அந்தச் செலவைக் கவுண்டி முதலில் தன் கையிலிருந்து போட்டுவிட்டு, பிறகு மாநிலத்திடம் கேட்டு வாங்குகிறது.

அந்தப் பணம் வரும் வழியையும் தெரிந்துகொள்ள வேண்டும். வண்டிப் பதிவுக் கட்டணம், பாதை அனுமதிக் கட்டணம், அப்புறம் பெட்ரோல் வரி. ஒவ்வொரு பதிவான வண்டியும் ஆண்டுக்கு 50 கேலன் எரிப்பதாக வைத்து, அதை வரி விகிதத்தால் பெருக்கி, மறுபடி 1.4-ஆல் பெருக்குகிறார்கள். கேலனுக்கு 30.9 சென்ட் என்றால் ஒரு வண்டிக்கு 21 டாலர் 63 சென்ட். இது ஓட்டுகிறவர்கள் கட்டிய காசு. அவர்கள் பத்திரமாக வீடு திரும்பத்தான் அது ரோந்துக்கு வருகிறது. ஒரு மணி நேரம் கூட்டி எழுதினாலும் தப்பு, ஒரு மணி நேரத்தை எழுதாமல் விட்டாலும் தப்பு என்று நான் பிடிவாதமாக இருப்பதற்கு இதுதான் காரணம்.

சரி, தவறுகளுக்கு வருவோம். பெரிய தவறு, ரோந்து முடிந்த பிறகு ஞாபகத்திலிருந்து எழுதுவது. ஜனவரி முழுக்க ஓடிவிட்டு மார்ச் கடைசியில் உட்கார்ந்து, 'சனிக்கிழமைகளில் ஆறு மணியிலிருந்து பதினொன்று வரை' என்று ஒரே மாதிரி பத்து வரி நிரப்புவார்கள். பொய் எழுத வேண்டும் என்று யாரும் நினைப்பதில்லை. உண்மையிலேயே சுமார் அவ்வளவுதான் இருந்திருக்கும். ஆனால் தணிக்கைக்கு வருகிறவர் அந்தத் தாளைச் சம்பளப் பட்டியலோடும், ஆட்களை வேலைக்கு அனுப்பும் டிஸ்பாட்ச் அறையின் நேரப் பதிவோடும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார். ஒரு சனிக்கிழமை அந்த டெப்புட்டி விடுப்பில் இருந்தது தெரிந்தால் போதும். மீதி ஒன்பது வரியும் சந்தேகத்துக்குள் வந்துவிடும்.

நல்ல தாள் எப்படி இருக்கும்? என் மேசைக்கு வந்த ஒன்றைச் சொல்கிறேன். 'மாலை 6.10, பாதை முகப்பில் வண்டி இறக்கினேன். 6.25 முதல் 8.40 வரை வடக்குப் பாதை, 23 வண்டி பார்த்தேன், பதிவு ஸ்டிக்கர் இல்லாத இரண்டுக்கு எச்சரிக்கை. 8.40, நெடுஞ்சாலையில் கார் பள்ளத்தில், அங்கே போனேன். 10.05 பாதைக்குத் திரும்பினேன். 11.30 வண்டி ஏற்றினேன்.' எழுத்து கோணல்மாணலாக இருந்தது, ஓரத்தில் பனி உருகிய கறை. ஆனால் அதில் எனக்கு வேண்டிய எல்லாம் இருந்தது.

அந்தத் தாளிலேயே அடுத்த தவறும் தெரிகிறது. 8.40-லிருந்து 10.05 வரை அவர் செய்தது கார் விபத்து வேலை. ஒரு மணி இருபத்தைந்து நிமிடம். அது ஸ்னோமொபைல் கணக்கில் வரக் கூடாது. அவர் எழுதியிருந்ததால் கழிக்க முடிந்தது. பலர் ஷிஃப்ட் முழுவதையும் ரோந்து என்று போட்டுவிடுகிறார்கள். கவுண்டியில் ஆள் குறைவு, பாதையில் இருக்கிறவரைத்தான் எதற்கும் கூப்பிடுவார்கள், அது எனக்கும் தெரியும். கூப்பிட்டால் போகத்தான் வேண்டும். போன நேரத்தைத் தனியாக எழுத வேண்டும், அவ்வளவுதான் கேட்கிறேன்.

இதற்குத் தலைகீழான தவறும் உண்டு, அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. பாதையில் ஓடிய நேரத்தை மட்டும் எழுதிவிட்டு, பாதை முகப்பில் நின்று வண்டிகளைச் சோதித்தது, விபத்து நடந்த இடத்தில் அளவெடுத்தது போன்றவற்றை விட்டுவிடுவார்கள். 'இதெல்லாம் ரோந்தா?' என்ற தயக்கம். எது சேரும், எது சேராது என்பதை நவம்பரிலேயே துறையிடம் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கி, ஷெரிஃப் அலுவலகச் சுவரில் ஒட்டிவிடுங்கள். டெப்புட்டிகள் தாங்களாக முடிவு செய்யும்படி விட்டுவிட்டால் நேர்மையான ஆட்கள் குறைத்துத்தான் எழுதுவார்கள். நான் பார்த்த வரை அப்படித்தான்.

ஒரே மணி நேரத்தை இரண்டு இடத்தில் கேட்பது வேறு வகை. இது பெரும்பாலும் அறியாமல் நடக்கிறது. கரடுமுரடான பாதையில் ஓடும் நான்கு சக்கர ஏடிவி வண்டிகளுக்கும் ரோந்து உதவி உண்டு, அதன் நிதி வேறு, கிளெய்ம் வேறு. குளிர்காலத்தில் சில கவுண்டிகளில் ஏடிவிகளும் அதே பாதையில் ஓடலாம். ஒரே டெப்புட்டி, ஒரே இரவு, ஒரே பாதை. நேரத்தைப் பிரித்து எழுதவில்லை என்றால், ஒரு குமாஸ்தா இதில் சேர்ப்பார், இன்னொருவர் அதிலும் சேர்ப்பார். குடித்துவிட்டு ஓட்டுவதைத் தடுக்கும் வேறு மானியத்தில் ஏற்கெனவே ஓவர்டைம் வாங்கியிருந்தாலும் இதே சிக்கல்தான். கிளெய்ம் அனுப்பும் முன் சம்பளப் பட்டியலை எடுத்து, ஒவ்வொரு மணி நேரத்துக்கும் எதிரே ஒரே ஒரு டிக் இருக்கிறதா என்று பாருங்கள். அரை நாள் வேலை. பிற்பாடு பணத்தைத் திருப்பிக் கட்டும் அவமானத்துக்கு அந்த அரை நாள் பரவாயில்லை.

புது வண்டி வாங்கிய வருஷம் முழு விலையையும் கிளெய்மில் போடாதீர்கள். சாதனங்களுக்குப் பல திட்டங்களில் வருஷா வருஷம் தேய்மானக் கணக்குதான். பழைய வண்டியை விற்றோ மாற்றியோ கிடைத்த தொகையையும் காட்டியாக வேண்டும். பழுது பார்த்ததற்கும் பெட்ரோலுக்கும் ரசீதில் வண்டி எண் இருக்கட்டும். ஒரே பம்பில் படகுக்கும் லாரிக்கும் சேர்த்து நிரப்பிய ரசீதைப் பார்த்தால் எந்த அதிகாரியும் ஒத்துக்கொள்ள மாட்டார்.

தேதிக் குழப்பம் புதிதாக வருகிறவர்களை நிச்சயம் சிக்கவைக்கும். கவுண்டியின் நிதியாண்டு ஜனவரியில் தொடங்குகிறது. குளிர்காலம் டிசம்பரில் தொடங்கி மார்ச் வரை போகிறது. ரோந்துக் கிளெய்முக்கான ஆண்டோ ஏப்ரல் 30-இல் முடிகிறது, ஜூன் 1-க்குள் அனுப்ப வேண்டும். கவுண்டி புத்தகத்தில் ஒரே பருவம் இரண்டு ஆண்டுகளாக வெட்டுப்பட்டுக் கிடக்கும். டிசம்பர் செலவை 'போன வருஷக் கணக்கு மூடியாச்சு' என்று விட்டுவிட்டால் போச்சு. ஏரி உறைந்த முதல் சில வாரங்கள் ஆபத்தானவை, பனிக்கட்டி மெல்லியதாக இருக்கும், ரோந்தும் அப்போது அதிகம். அந்தச் செலவுதான் விடுபட்டுப் போகிறது. மிச்சிகனிலும் இதே தலைவலி வேறு வடிவில் இருக்கிறது. அங்கே மாநில நிதியாண்டு அக்டோபர் 1-இல் தொடங்குகிறது, பாதைகள் திறந்திருப்பது டிசம்பர் 1 முதல் மார்ச் 31 வரை. செலவில் 85 சதவீதம் மாநிலம், 15 சதவீதம் கவுண்டி. அந்த 15-ஐ முன்கூட்டியே ஒதுக்கி வைக்காத கவுண்டி பாதியில் திணறும்.

கேட்டது முழுதும் வரும் என்று பட்ஜெட் போடுவதும் கூடாது. எல்லாக் கவுண்டிகளும் கேட்டது ஒதுக்கீட்டைத் தாண்டினால் எல்லாருக்கும் ஒரே விகிதத்தில் குறைப்பார்கள். உதாரணத்துக்கு, பத்து டாலர் கேட்ட இடத்தில் ஏழு டாலர்தான் இருந்தால், சரியாகக் கணக்குக் கொடுத்தவருக்கும் ஏழுதான். 2023-24 குளிர்காலத்தில் பனியே சரியாக விழவில்லை, பல பாதைகள் திறக்கவே இல்லை. அப்படிப்பட்ட வருஷத்தில் கிளெய்ம் சிறியதாகத்தான் இருக்கும், இருக்கட்டும். போன வருஷத் தொகையை எட்ட வேண்டும் என்று வெறும் சாலையில் ஓடியதையெல்லாம் சேர்க்கத் தொடங்கினால், அடுத்த நல்ல பனிக்காலத்தில் உங்கள் உண்மையான கணக்கையும் நம்ப ஆள் இருக்காது.

கடைசியாக ஒன்று. இது படிவத்தில் வராத தவறு, ஆனால் எனக்கு அதிகம் வலிப்பது. திரும்பி வந்த பணத்தைக் கவுண்டியின் பொது வரவில் போட்டுவிட்டு, ரோந்துத் தலைப்பில் காட்டாமல் விடுவது. அடுத்த பட்ஜெட் கூட்டத்தில் ரோந்துக்கு எதிரே செலவு மட்டும் தெரியும், வரவு தெரியாது. மேசையைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் உறுப்பினர்கள் நல்லவர்கள்தான், ஆனால் அவர்கள் கண்ணுக்குப் படுவது அந்த ஒற்றை எண். 'இவ்வளவா?' என்று கேட்டு இரண்டு சனிக்கிழமையைக் குறைத்துவிடுவார்கள். அதற்காகத்தான் இப்போது பட்ஜெட் தாளில் ரோந்துச் செலவுக்குப் பக்கத்திலேயே இன்னொரு கட்டம் போட்டு, மாநிலத்திடமிருந்து வந்த தொகையை எழுதி வைக்கிறேன். போன கூட்டத்தில் ஒரு உறுப்பினர் அந்தக் கட்டத்தில் விரலை வைத்து, எவ்வளவு வந்தது என்று சத்தமாக வாசித்தார். சனிக்கிழமைகள் குறையவில்லை.