நாயின் கண்ணில் அடிபட்டால்: மருத்துவரிடம் சேரும்வரை செய்ய வேண்டியவை

நாய் ஒரு கண்ணை மட்டும் இடுக்கிக்கொண்டு, நீர் வழிய வழிய முன்னங்காலால் முகத்தைத் தேய்க்கிறது என்றால், அந்தக் கண் வலிக்கிறது என்று பொருள். தூசிதான் விழுந்திருக்கும், காலையில் சரியாகிவிடும் என்று தயவுசெய்து காத்திருக்க வேண்டாம். கண்ணின் முன்புறத்தை மூடியிருக்கும் கண்ணாடி போன்ற படலம் ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் தடிமன் மட்டுமே கொண்டது. அதில் விழுந்த சிறு கீறலில் கிருமி புகுந்தால், ஓரிரு நாளிலேயே அது ஆழமான புண்ணாகிவிடக்கூடும்.

முதல் வேலை, நாய் கண்ணைத் தேய்க்காமல் தடுப்பது. அடிபட்டபோது ஏற்பட்ட காயத்தைவிட, அதன்பின் நகத்தாலும் தரைவிரிப்பிலும் தேய்த்துக்கொள்வதால் ஏற்படும் சேதமே பல நேரங்களில் பெரிதாகிவிடுகிறது. கழுத்தில் மாட்டும் பிளாஸ்டிக் கூம்பு இருந்தால் உடனே மாட்டுங்கள். இல்லையென்றால் ஒருவர் அருகிலேயே அமர்ந்து முன்னங்கால்களைப் பிடித்துக்கொள்ளலாம். கழுத்துப்பட்டையை இழுத்தால் கண்ணுக்குள் அழுத்தம் கூடும் என்பதால், மார்புப்பட்டையில் கயிற்றைக் கோத்துக்கொள்ளுங்கள். எவ்வளவு சாதுவான நாயும் வலியில் கடிக்கலாம் என்பதையும் மனத்தில் வையுங்கள்.

அடுத்து, நல்ல வெளிச்சத்தில் கண்ணைப் பாருங்கள். மூடிய இமையை வலுக்கட்டாயமாகத் திறக்க வேண்டாம். மணலோ தூசியோ மேலாக ஒட்டியிருந்தால், மருந்துக்கடையில் கிடைக்கும் 0.9 சதவீத சலைன் நீரை மெதுவாக ஊற்றிக் கழுவலாம். சோப்பு, சுண்ணாம்பு போன்றவை பட்டிருந்தால் நிலைமை வேறு: சலைனைத் தேடிக்கொண்டிருக்காமல், கிடைக்கும் சுத்தமான நீரால் உடனே தொடங்கி, குறைந்தது 15 நிமிடமாவது விடாமல் கழுவிவிட்டு, அதன்பின் புறப்படுங்கள். முள்ளோ குச்சியோ கண்ணில் குத்தி நின்றால் அதைப் பிடுங்கவே கூடாது. உள்ளே இருக்கும் திரவம் வெளியேறாமல் அந்த முள்ளே அடைத்துக்கொண்டிருக்கலாம்.

பக், ஷிட்சு போன்ற தட்டை முக நாய்களுக்குக் கண்குழி ஆழமற்றது என்பதால், சண்டையில் விழியே வெளியே பிதுங்கிவிடுவதுண்டு. பார்ப்பவருக்குப் பதறும், ஆயினும் உள்ளே தள்ள முயலாமல், சலைனில் நனைத்த காஸ் துணியை மேலே வைத்து, ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டு, அந்த நிமிடமே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.

வீட்டில் மீதமிருக்கும் சொட்டு மருந்தை மட்டும் ஊற்றிவிடாதீர்கள். இதை நான் அழுத்திச் சொல்கிறேன். டெக்சாமெத்தசோன், பிரெட்னிசலோன் போன்ற ஸ்டீராய்டு கலந்த மருந்துகள் சிவப்பைக் குறைத்துக் காட்டும். ஆனால் படலத்தில் புண் இருந்தால் அது ஆறுவதைத் தடுத்து, துளை விழும் நிலைக்குக்கூடக் கொண்டுபோய்விடும். மனிதர்களுக்கான பாராசிட்டமால், ஐபுப்ரோஃபென் மாத்திரைகளும் நாய்க்கு நஞ்சாகலாம்.

கால்நடை மருத்துவர் ஃப்ளூரெசீன் என்னும் சாயத்தைக் கண்ணில் விடுவார். புண் உள்ள இடம் நீல ஒளியில் பச்சையாக ஒளிரும். மேலோட்டமான கீறல் பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் ஆறிவிடும். அவர் தந்த மருந்தை வீட்டில் விடும்போது எதிரில் நின்று குப்பியை நீட்டாமல், பின்புறமிருந்து தலையைச் சற்று உயர்த்திப் பிடித்து விட்டால் நாய் மிரளாது. இரண்டு வகைச் சொட்டு மருந்துகள் தந்திருந்தால் நடுவே 5 முதல் 10 நிமிடம் இடைவெளி விடுங்கள். களிம்பு இருந்தால் அதைக் கடைசியாக இடுங்கள். கண் நன்றாகத் திறந்துவிட்டதாகத் தோன்றினாலும், மறுபரிசோதனையில் புண் ஆறிவிட்டதென்று மருத்துவர் உறுதி சொல்லும்வரை கூம்பைக் கழற்ற வேண்டாம்.