தட்டு போட்டால் ஆட்டம் முடிந்தது

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆறரைக்கு எங்கள் வீட்டுத் திண்ணையில் பாய் விரிப்போம். ஒன்பது மணிக்கு அம்மா சாப்பாட்டுத் தட்டை எடுத்துப் போடுவாள். தட்டு போட்டால் ஆட்டம் முடிந்தது. கையில் இருக்கிற சீட்டு எவ்வளவு நல்ல சீட்டாக இருந்தாலும் கவிழ்த்து வைத்துவிட்டுக் கை கழுவப் போக வேண்டும். வீட்டில் ஆட்டம் வைக்க நினைக்கிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்: எப்போது முடிப்பது என்று உட்காருவதற்கு முன்னால் முடிவு செய்யுங்கள். அந்த முடிவு, ஆடுகிறவர் கையில் இருக்கக் கூடாது. எங்கள் வீட்டில் அது அம்மா கையில் இருக்கிறது, அவள் ஆடுவதில்லை.

இந்த விதியெல்லாம் சும்மா வந்ததில்லை. என் தம்பி ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறான். நைட் ஷிஃப்ட் முடிந்து ரூமுக்கு வந்து தூக்கம் வராமல் ஃபோனில் ரம்மி ஆடத் தொடங்கியிருக்கிறான். இரண்டு வருஷம் எங்கள் யாருக்கும் தெரியாது. அவன் பொண்டாட்டியின் மூன்று பவுன் செயின் அடகுக்குப் போன பிறகுதான் விஷயம் வெளியே வந்தது.

“எவ்வளவுடா போச்சு?” என்று கேட்டேன்.

“நாப்பது அம்பது இருக்கும்க்கா.”

அவன் பொய் சொல்லவில்லை. அவன் மனசில் அவ்வளவுதான் பதிந்திருந்தது. பேங்க் ஸ்டேட்மென்ட் எடுத்து வரச் சொன்னேன். கம்பைநல்லூர் பக்கம் புளி வியாபாரம் செய்கிற வீடு எங்களுடையது, மூட்டைக் கணக்கு எழுதி எழுதி எனக்குப் பழக்கம். அதே நோட்டில் போன பணத்தை இடது பக்கமும் வந்த பணத்தை வலது பக்கமும் எழுதினேன். 200, 500, 200, 1000, மறுபடியும் 500. ஒரே ராத்திரியில் பதினேழு வரி. பதினோரு பக்கம் எழுதி, கூட்டிக் கழித்துப் பார்த்தால் 1,62,000 ரூபாய் போயிருந்தது. ஒரு தடவை 8,000 ரூபாய் ஜெயித்தது எந்தத் தேதி, என்ன கிழமை என்று கேட்காமலே சொன்னான். தோற்றதில் ஒரு தேதிகூட அவனுக்கு ஞாபகம் இல்லை.

அதனால் இரண்டாவது விதி, எழுதி வைப்பது. பணம் இல்லாத ஆட்டத்துக்கும் எழுதுங்கள். யார் என்ன எடுத்தார், என்ன விட்டார் என்று தேதி போட்டு ஒரு வரி போதும். மனசு ஜெயித்ததை மட்டும் சேர்த்து வைக்கும், நோட்டுக்கு அந்தக் குணம் கிடையாது.

இனிமேல் வீட்டில் சீட்டே தொடக் கூடாது என்று அப்பா சொன்னார். அதில் நியாயம் இருந்தது. ஒரு வருஷம் தம்பி சீட்டைத் தொடவே இல்லை, பிள்ளைகளோடு ஆடுபுலி மட்டும் ஆடினான். சூதில் ஒருமுறை விழுந்து எழுந்தவர்கள் பணம் வைத்து ஆடுகிற இடத்தில் மறுபடியும் உட்காரவே கூடாது, அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் பொங்கல், காதுகுத்து, கோயில் திருவிழா என்று எங்கே போனாலும் நம் பக்கம் ஒரு சீட்டுக்கட்டு வந்துவிடும். வீட்டுப் பிள்ளைகள் ஆட்டத்தை எங்கேயோ ஒளிந்து கற்றுக்கொள்வதைவிட, தோற்று எழுந்திருக்கிற பழக்கத்தோடு சேர்த்து நம் திண்ணையிலேயே கற்றுக்கொள்ளட்டும் என்று நான் பிடிவாதமாக நின்றேன்.

எங்கள் ஆட்டத்தில் காசு கிடையாது. ஆளுக்கு 50 புளியங்கொட்டை. ஆறு பேர் என்றால் 300. தீர்ந்துபோனால் அன்றைக்கு அவர் எழுந்து காபி போட வேண்டியதுதான். கடன் கேட்கக் கூடாது, பாவம் பார்த்து யாரும் கொடுக்கவும் கூடாது. இந்தக் கடன் விஷயத்தில் மட்டும் நான் ரொம்பக் கண்டிப்பு. கொட்டைதானே என்று பத்து கொடுத்துப் பழகினால், பிறகு பணத்துக்கும் அதே வாய் வரும். கடைசியில் யாரிடம் அதிகக் கொட்டை இருக்கிறதோ, அடுத்த வாரம் என்ன பலகாரம் என்று அவர் சொல்வார். காசு வைக்காவிட்டால் சுவாரசியமே இருக்காது என்பவர்கள் ஒரு தடவை வந்து பார்க்கலாம். எட்டாம் வகுப்புப் படிக்கிற என் மகள் மீதி நாலு கொட்டையை உள்ளங்கையில் மூடிக்கொண்டு யோசிப்பதைப் பார்த்தால் தெரியும்.

சின்னதாகக் காசு வைத்துத்தான் ஆடுவோம் என்கிற வீடுகளும் உண்டு. சரி, அப்படியானால் போனால் வலிக்காத ஒரு தொகையை முதலிலேயே சொம்பில் போட்டுவிடுங்கள். பர்ஸையும் ஃபோனையும் உள்ளே பீரோவில் வைத்துவிட்டு வாருங்கள். ஆட்டத்துக்கு நடுவில் எழுந்துபோய் எடுத்து வருகிற காசுதான் ஆளை அழிக்கிறது. ஏரிக்கரை, புளியந்தோப்பு என்று பொது இடத்தில் பணம் வைத்து ஆடினால் போலீஸ் பிடிக்கும், கேஸ் ஆகும், அந்தப் பக்கமே போக வேண்டாம்.

அடுத்து, எந்த ஆட்டத்தில் எவ்வளவு அதிர்ஷ்டம், எவ்வளவு மூளை என்று பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும். அதற்குத் தாய ஆட்டத்தைவிட நல்ல வாத்தியார் இல்லை. தாயக்கட்டை கடையில் வாங்காதீர்கள், கொட்டையிலேயே செய்யுங்கள். ஒரே அளவில் நாலு கொட்டை பொறுக்கி, தண்ணீர் தெளித்த சிமெண்ட் தரையில் ஒரு பக்கத்தை மட்டும் தேய்க்க வேண்டும். முதலில் கறுப்புத் தோல் போகும், அப்புறம் பழுப்பாக ஒரு வளையம் தெரியும், அதற்குள் வெள்ளை எட்டிப்பார்க்கும். வெள்ளை பரவியதும் நிறுத்திவிடுங்கள். விரல் சுடச் சுட மேலும் தேய்த்தால் அந்தப் பக்கம் தட்டையாகி, கொட்டை அதன் மேலேயே படுத்துக்கொள்ளும், வெள்ளை மேலே வராது. செய்த பிறகு ஒவ்வொரு கொட்டையையும் தனியாக 50 தடவை உருட்டி எண்ணுங்கள். வெள்ளை 20 முதல் 30 தடவைக்குள் விழுந்தால் வைத்துக்கொள்ளலாம், இல்லாவிட்டால் தூக்கிப் போட்டுவிட்டு வேறு தேயுங்கள். இந்த எண்ணுகிற வேலையைப் பிள்ளைகளிடம் விடுங்கள். சண்டை போடாமல் செய்வார்கள்.

எங்கள் வீட்டுக் கணக்கில் ஒரு வெள்ளை விழுந்தால் தாயம். இரண்டு வெள்ளைக்கு இரண்டு, மூன்றுக்கு மூன்று, நாலும் வெள்ளை என்றால் நாலு, நாலும் கறுப்பு என்றால் எட்டு. நாலு கொட்டையும் விழக்கூடிய விதம் மொத்தம் 16. அதில் தாயம் 4 விதத்தில் விழும், இரண்டு 6 விதத்தில், மூன்று 4 விதத்தில், நாலுக்கும் எட்டுக்கும் ஒவ்வொரு விதம்தான். அதாவது ஒரு உருட்டலில் தாயம் விழ நாலில் ஒரு வாய்ப்பு. தாயம் விழுந்தால்தானே காய் இறங்க முடியும்? பத்து தடவை உருட்டியும் தாயம் விழாமல் உட்கார்ந்திருப்பது ரொம்ப அபூர்வம் என்று நினைப்போம். கணக்குப் போட்டால் ஏறக்குறைய 18 பேரில் ஒருவருக்கு அப்படி நடக்கும். ஆறு பேர் மூன்று ஆட்டம் ஆடினால் யாரோ ஒருவருக்கு அந்தக் கதி வரத்தான் வாய்ப்பு அதிகம். அது அவர் ராசியும் இல்லை, சனியும் இல்லை.

பத்து தடவை விழாததால் பதினோராவது தடவை கட்டாயம் விழும் என்று ஒரு நினைப்பு வரும் பாருங்கள், அதை அந்த இடத்திலேயே பிள்ளைகளுக்குச் சுட்டிக்காட்டுங்கள். பதினோராவது உருட்டலிலும் நாலில் ஒன்றுதான். முந்திய பத்து தடவை என்ன நடந்தது என்று கொட்டைக்குத் தெரியாது. என் தம்பி ராத்திரி இரண்டு மணிக்கு “இத்தனை ஆட்டம் போச்சு, இனி வந்துதானே ஆகணும்” என்று 500 போட்டது இந்த நினைப்பில்தான்.

வைகுண்ட ஏகாதசி ராத்திரி கண்முழிக்கிற பரமபதத்தில் மூளைக்கு வேலையே இல்லை, அதில் கொட்டைகூட வைக்க மாட்டோம். ஆடுபுலியில் அதிர்ஷ்டமே இல்லை. 3 புலி, 15 ஆடு, 23 புள்ளி, எல்லாம் கண் முன்னால் இருக்கிறது. அதில் பெரியவர்கள் பிள்ளைகளைத் தொடர்ந்து தோற்கடித்தால் பிள்ளை ஓடிவிடும். ஆளுக்கு ஒருமுறை புலி, ஒருமுறை ஆடு என்று மாற்றிப் பிடித்து, யார் புலியாக இருந்தபோது அதிக ஆடு வெட்டினார் என்று பார்த்தால் சரியாக இருக்கும்.

ரம்மிதான் இரண்டும் கலந்தது, அதனால்தான் அது ஆபத்து. 13 சீட்டில் ஒரிஜினல் சீக்வென்ஸ் ஒன்றாவது வேண்டும், அதாவது ஜோக்கர் கலக்காமல் ஒரே ஜாதியில் வரிசையாக மூன்று நாலு சீட்டு, அது இல்லாதபோது இன்னொருவர் சீட்டைச் சேர்த்து முடித்து டிக் அடித்துவிட்டால் கையில் இருக்கிற எல்லாச் சீட்டையும் எண்ண வேண்டும், 80 பாயிண்ட் வரைக்கும் போகும், அதுதான் ஃபுல் கவுண்ட். முதலிலேயே டிராப் போட்டால், அதாவது அந்தக் கையை ஆடாமல் விட்டுவிட்டால், 20, நடுவில் போட்டால் 40. நாலு தடவை முதல் டிராப் போட்டால்தான் ஒரு ஃபுல் கவுண்ட் ஆகிறது. வந்த சீட்டில் ஒரிஜினலுக்கு இரண்டு சீட்டுகூடச் சேரவில்லை, ஜோக்கரும் இல்லை என்றால் டிராப் போடுவதுதான் ஆட்டம். எங்கள் பிள்ளைகளுக்கு சேர்க்கக் கற்றுக்கொடுப்பதற்கு முன்னால் டிராப் போடக் கற்றுக்கொடுத்தோம். நல்ல டிராப்புக்கு அம்மா உள்ளேயிருந்து “கெட்டிக்காரி” என்பாள். தம்பிக்கு டிராப் போடுவது என்றாலே தோற்ற மாதிரி. ஒவ்வொரு கையையும் கடைசி வரை இழுப்பான். ஃபோனிலும் அதையே செய்திருக்கிறான் என்று பிறகு சொன்னான்.

“அக்கா, இது திறமை ஆட்டம், கோர்ட்டே சொல்லியிருக்கு” என்று அன்றைக்கு வாதாடினான். சொல்லியிருப்பது உண்மை. ரம்மி பெரும்பாலும் திறமை ஆட்டம் என்று 1968இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. தமிழ்நாடு 2022இல் கொண்டுவந்த ஆன்லைன் சூதாட்டத் தடைச் சட்டத்தின் பட்டியலில் ரம்மியையும் போக்கரையும் சேர்த்தது செல்லாது என்று 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றமும் சொன்னது. 2025 ஆகஸ்டில்தான் பணம் கட்டி ஆடுகிற ஆன்லைன் ஆட்டங்களைத் திறமையா அதிர்ஷ்டமா என்று பார்க்காமல் மொத்தமாகத் தடுத்து நாடாளுமன்றம் சட்டம் போட்டது. ஆனால் நான் அவனிடம் கேட்டது வேறு. திறமை ஆட்டம்தான், சரி, யாருடைய திறமை? எதிரே உட்கார்ந்திருப்பவன் முகம் உனக்குத் தெரியுமா? பகல் முழுக்க அதையே தொழிலாக ஆடுகிறவனாக இருந்தால்?

இன்னொரு கணக்கும் நோட்டில் போட்டுக் காட்டினேன். நம் திண்ணையில் 300 கொட்டை இருந்தால் ராத்திரியும் 300தான் இருக்கும், கை மாறியிருக்கும். ஃபோனில் ஆட்டம் நடத்துகிறவன் நூற்றுக்குப் பத்து எடுத்துக்கொள்கிறான் என்று வை. ஒரே திறமை உள்ள ஆறு பேர் ஆளுக்கு 100 போட்டு 50 ஆட்டம் ஆடினால் மேஜைக்கு வந்தது 30,000, அவன் எடுத்தது 3,000. சராசரியாக ஆளுக்கு 500 போயாச்சு, யாரும் மோசமாக ஆடவில்லை. அந்த வரியைப் பார்த்துக்கொண்டு தம்பி ரொம்ப நேரம் பேசவில்லை.

ஆட்டத்தின்போது ஆட்களைக் கவனியுங்கள். “இன்னும் ஒரே ஒரு ஆட்டம்” என்று ஒருவர் இரண்டாம் முறை சொன்னால், சீட்டைப் பாயில் ஓங்கி அடித்தால், சிரிப்பு நின்றுபோனால், தட்டு வரும் வரைக்கும் காத்திருக்க வேண்டாம், காபி என்று சொல்லி எழுப்பிவிடுங்கள். தோற்றவரைக் கிண்டல் செய்யவும் விடாதீர்கள். விட்டதைத் திருப்பி எடுக்கிற வெறி பாதி அந்தக் கிண்டலில் பிறக்கிறது.

வீட்டில் யாராவது ஏற்கெனவே பணத்தில் மாட்டியிருந்தால் திட்டுவதை ஒத்திப்போட்டுவிட்டு ஸ்டேட்மென்ட் எடுத்து உட்காருங்கள். கடனை ஒரேயடியாக நீங்கள் அடைத்துவிட வேண்டாம், கொஞ்ச காலம் சம்பளக் கணக்கை வீட்டில் ஒருவர் பார்த்துக்கொள்ளட்டும். தூக்கம் இல்லாமல், பேச்சு இல்லாமல் இருந்தால் 14416 என்கிற டெலி மானஸ் மனநல உதவி எண்ணுக்குக் கூப்பிடுங்கள். இலவசம்தான், தமிழிலேயே பேசுவார்கள். தம்பியை நான்தான் பக்கத்தில் உட்கார்ந்து பேச வைத்தேன். முதல் ஐந்து நிமிஷம் “ம்” மட்டும் சொன்னான், அப்புறம் என்னை எழுந்து போகச் சொன்னான்.

சாப்பிடப் போவதற்கு முன்னால் கொட்டையை எண்ணி டப்பாவில் போடுங்கள். 300 இருக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் பாயைத் தூக்கித் தேடுங்கள், தவழ்கிற குழந்தை வாயில் போட்டுக்கொள்ளும்.