திரைக்கதையாசிரியனைப் பற்றிய அவல நகைச்சுவைக் குறும்படம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

வாய்ப்புக் கிடைக்காமல் அலையும் திரைக்கதையாசிரியனின் வாழ்க்கையை அவல நகைச்சுவையாக எடுக்க முனைபவர்கள் பெரும்பாலும் சறுக்குவது, எதைப் பார்த்துச் சிரிக்க வைப்பது என்பதில்தான். உணர்ச்சிகளின் வெளிப்பாட்டைப் பேசும் தொல்காப்பிய மெய்ப்பாட்டியல், நகை பிறக்கும் இடங்களாக எள்ளல், இளமை, பேதைமை, மடமை ஆகிய நான்கையும், அழுகை பிறக்கும் இடங்களாக இளிவு (இகழப்படுதல்), இழவு (இழப்பு), அசைவு (நிலை தாழ்தல்), வறுமை ஆகிய நான்கையும் வகுத்துச் சொல்கிறது. நம் நாயகனிடம் வறுமையும் இளிவும் ஏற்கெனவே நிறைந்திருக்கின்றன. அவை அழுகைக்கு உரியவை. அவனுடைய கிழிந்த செருப்பையும் வாடகைப் பாக்கியையும் காட்டிச் சிரிப்பை வரவழைக்க முயன்றால் எள்ளல் மட்டுமே மிஞ்சும். சிரிப்பு அவனுடைய பேதைமையிலிருந்து, அதாவது தன் எழுத்தைப் பற்றி அவன் வைத்திருக்கும் நம்பிக்கைக்கும் உண்மை நிலைக்கும் நடுவே உள்ள தூரத்திலிருந்து எழ வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டு. நெருங்கிய நண்பனின் இறப்புக்குப் போன இடத்தில், நண்பனின் மனைவி கதறி அழும் சொற்களை அவன் குறிப்பேட்டில் எழுதிக்கொள்கிறான். பிறகு வசனம் சற்று நீளம் என்று தோன்றவே, சுவரோரம் ஒதுங்கி நின்று இரண்டு சொற்களை அடித்துவிடுகிறான். பார்ப்பவருக்குச் சிரிப்பும் கூச்சமும் ஒன்றாக வரும். அவனுக்கு அழத் தெரியவில்லை, எழுதத்தான் தெரியும் என்பது அடுத்த நொடியில் புரிந்தால், அந்தச் சிரிப்பே வலியாகவும் மாறும். இந்த வகைப் படத்தின் உயிர் அந்த மாற்றத்தில்தான் இருக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

எழுதுவதையே காட்சியாக்குவது இன்னொரு தவறு. வெற்றுத் தாளை வெறிப்பதும், தாளைக் கசக்கி எறிவதும், நள்ளிரவில் தட்டச்சு செய்வதும் படத்தை நகர்த்துவதில்லை. அவன் யாரிடமோ எதையோ கேட்டு நிற்கும்போதுதான் கதை நகர்கிறது. அதேபோல, அவனை நிராகரிக்கும் தயாரிப்பாளரை முட்டாளாகக் காட்டினால், எழுதியவரின் சொந்தக் கோபம் வெளிப்பட்டுவிடும். தயாரிப்பாளர் சொல்வது நியாயமாகவும், அதை நாயகன் கேட்க மறுப்பதாகவும் அமைந்தால் காட்சி கூர்மையாகும்.

தொனியைப் படத்தின் தொடக்கத்திலேயே நிலைநிறுத்தாமல் விடுவது பெரிய படங்களையே சிக்கலில் தள்ளியிருக்கிறது. 1950இல் வெளிவந்த, ஹாலிவுட் இயக்குநர் பில்லி வைல்டரின் 'சன்செட் பூலவார்ட்', கடன்பட்ட திரைக்கதையாசிரியன் ஒருவன் இறந்த பின் தன் கதையைத் தானே சொல்வதாக அமைந்தது. பிணவறையில் பிணங்கள் பேசிக்கொள்ளும் காட்சியே முதலில் அதன் தொடக்கமாக இருந்தது. வெளியீட்டுக்கு முந்தைய காட்சியில் பார்வையாளர்கள் நினைத்திராத விதத்தில் சிரித்துவிட்டதால், அதை நீக்கிவிட்டு, நீச்சல் குளத்தில் உடல் மிதக்கும் தொடக்கத்தை வைத்தார்கள். குறும்படத்தில் முதல் நிமிடத்துக்கு இதைவிட அதிகப் பொறுப்பு உண்டு. ஆகவே படத்தொகுப்பை முடிக்கும் முன், உங்களுக்குப் பழக்கமில்லாத சிலருக்குப் படத்தைப் போட்டுக் காட்டி, அவர்கள் எந்த இடத்தில் சிரிக்கிறார்கள் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

நடிகர்கள் தாங்கள் நகைச்சுவையில் நடிப்பதாகக் காட்டிக்கொள்ளக் கூடாது. சிரிக்க வேண்டிய இடத்தைச் சுட்டும் பின்னணி இசையும் வேண்டாம்.

நீளத்தைப் பொறுத்தவரை, திரைக்கதையின் ஒரு பக்கம் ஏறத்தாழ ஒரு நிமிடம் என்பது பொதுக் கணக்கு. ஆஸ்கர் விதிகள் குறும்படத்துக்கு 40 நிமிடம் வரை இடம் தருகின்றன என்றாலும், ஒரே மனிதனின் ஒரே ஏமாற்றத்தைச் சொல்லும் கதை அவ்வளவு நேரம் தாங்காது.

முடிவில்தான் மிகுந்த கவனம் வேண்டும். நடந்ததெல்லாம் அவன் எழுதிய கதைதான் என்று திருப்புவது பார்ப்பவர் பட்ட வலியை இல்லாமலாக்கிவிடும். அவனுடைய தற்கொலையைச் சிரிப்புக்கான கடைசித் திருப்பமாக வைப்பது அதைவிட மோசம். அதே நிலையில் வாழ்ந்துகொண்டிருக்கும் ஒருவர் அந்த அரங்கில் அமர்ந்திருக்கலாம். இறந்த நண்பனின் மனைவி ஒருநாள் அந்தக் குறிப்பேட்டைப் படிக்க நேர்ந்து, அவன் அடித்துவிட்ட இரண்டு சொற்களையும் தன் கையால் திரும்ப எழுதிக் கொடுக்கிறாள் என்று வையுங்கள். அவன் அதை வாங்கிப் படிக்கும் முகத்தோடு படத்தை நிறுத்திவிடலாம்.