ஒரு ஹெட்டரில் எத்தனை ஃபேன் மாட்டலாம்?

கம்ப்யூட்டர் கேபினட்டில் நாலைந்து ஃபேன் போடுகிறவர்கள், ஒரு இணைப்பைப் பலவாகப் பிரிக்கும் ஸ்ப்ளிட்டர் வாங்கி எல்லாவற்றையும் மதர்போர்டின் ஒரே ஹெட்டரில் (ஃபேன் வயரைச் செருகும் பின்கள்) மாட்டிவிடாதீர்கள். பெரும்பாலான ஹெட்டர்கள் தாங்குவது 1 ஆம்பியர்தான், அதாவது 12 வாட்; மீறினால் ஹெட்டரே கருகலாம், போர்டையே மாற்ற வேண்டிவரும். ஃபேனின் நடுவில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் பொடி எழுத்தில் 12 வோல்ட், 0.25 ஆம்பியர் என்பதுபோல இருக்கும். அப்படி மூன்று என்றால் 0.75, சரி, அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள், சுற்றத் தொடங்கும் நொடியில் ஃபேன் கூடுதலாக இழுக்கும். இன்னும் வேண்டுமென்றால் பவர் சப்ளையின் சாட்டா கேபிளிலிருந்து மின்சாரம் எடுத்துப் பல ஃபேன்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் ஹப்தான் நல்லது, மதர்போர்டிலிருந்து வேகத்துக்கான சிக்னல் மட்டும் வரும். அப்புறம், ஹப் பொதுவாக ஒரே ஒரு ஃபேனின் வேகத்தைத்தான் போர்டுக்குச் சொல்லும். மற்றது நின்றுபோனாலும் திரையில் தெரியாது, அவ்வப்போது கண்ணால் பாருங்கள்.